கடல் சத்தம் நின்ற ஊரில் ஒரு ரிவர் டேங்க்

நெத்திலியின் தலையைக் கிள்ளும்போது ஒரு சத்தம் வரும் என்பது பிரகாசிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கல்யாணமாகிப் புன்னைத்தாழைக்கு வந்த நாளிலிருந்து கூடை கூடையாகக் கிள்ளியிருக்கிறாள், கட்டைவிரல் நகத்தை மீனின் கழுத்தில் வைத்து ஒரு அழுத்து, ஒரு சுண்டு, தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அதற்கு ஒரு சத்தம் உண்டு, கைப்பிள்ளை தூக்கத்தில் உதட்டைப் பிரிக்கிற மாதிரி ஒரு ப்ச் உண்டு என்று அவள் அறிந்ததில்லை. அன்றைக்குக் காலையில் அடுப்படி வாசலில் குந்தியிருந்து கிள்ளிக்கொண்டிருந்தவள் ப்ச், ப்ச் என்று கேட்டதும் கையை நிறுத்தினாள். சத்தமும் நின்றது. மறுபடி கிள்ளினாள், மறுபடி கேட்டது. நிமிர்ந்து கடலைப் பார்த்தாள். கடல் இருந்த இடத்தில்தான் இருந்தது, அலை எழும்பி, வளைந்து, நுரையாக உடைந்து, மணலில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

அப்படித்தான் புன்னைத்தாழையில் கடல் சத்தம் நின்றது. முதலில் ஆளாளுக்குத் தன் காதுதான் அடைத்துக்கொண்டது என்று நினைத்து, பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெயை விட்டுக்கொண்டு தலையைச் சாய்த்துக் கிடந்தார்கள். வீட்டுக்கு வீடு எல்லாரும் தலையைச் சாய்த்துக் கிடப்பதைக் கண்ட பிறகுதான் காரியம் காதில் இல்லை, கடலில் இருக்கிறது என்று விளங்கியது. ஓடையைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போனால் இரைச்சல் வழக்கம்போல இருந்தது, திரும்பி ஓடைக்கு இந்தப் பக்கம் கால் வைத்தால் இல்லை. நம்ம தெருவுக்கு மட்டும் கரண்டு போன மாதிரி ஊர்க்காரர்களுக்கு அது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வெளியூரிலிருந்து ஏதோ கருவிகளோடு சிலர் வந்து, கரையில் ஒரு பகல் முழுக்க நின்று, அலை சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கருவாடு வாங்கிக்கொண்டு போனார்கள்.

இரைச்சல் இல்லாவிட்டால் என்ன, மீன் இருக்கிறதே என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அவர்களுக்கு அந்த ஊர்ப் பேச்சு தெரியாது. அலை உடையும்போது பெரிதாக இரையும், உடைந்த தண்ணீரைக் கடல் திரும்ப வாங்கும்போது கொஞ்ச நேரம் அடங்கும், அடங்கின உடனே அடுத்தது வரும். பிறந்ததிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டு அந்த ஊர்க்காரர்களின் நாக்கு அதற்குப் பழகியிருந்தது. ஊருக்குச் சொல்ல வேண்டியதை அலை வாங்கின நேரத்தில் சொல்லுவார்கள், ஊருக்குச் சொல்லக் கூடாததை அலை உடைகிற நேரத்தில் சொல்லுவார்கள். மீன் ஏலம் போடுகிற மொராயிஸ் அலை வாங்கும்போது விலையைக் கூவுவார், அலை உடையும்போது தன் ஆளிடம் வேறு விலையை முணுமுணுப்பார். புருஷன் பெண்டாட்டி திட்டிக்கொள்வதும், மருமகள் மாமியாரைச் சபிப்பதும், வாலிபப் பிள்ளைகள் வலைக்குப் பின்னால் நின்று கொஞ்சிக்கொள்வதும் அலைக்குள்தான். யாராவது அதைக் கேட்டுவிட்டு வந்து கோள் சொன்னால், “அது அலைக்குள்ள சொன்னதுல்லா, அத எடுத்து வச்சுப் பேசாத” என்று வாயை அடைத்துவிடுவார்கள். அலைக்குள் சொன்னது சொன்னதாகக் கணக்கில்லை. அது அந்த ஊரில் எழுதாத சட்டம்.

இப்போது அலைக்குள் என்று ஒரு இடமே இல்லாமல் போயிற்று.

ஒருத்தர் பல்லைக் கடித்தால் மூன்றாம் வீட்டில் கேட்டது. கோயில் பங்குச் சாமியாரின் குறட்டை தெருக்கோடி வரைக்கும் வந்தது, அவரும் பாவம், அதற்கு வெட்கப்பட்டு உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினார். வாழ்நாளில் தணிந்து பேசியறியாத மொராயிஸ் ரகசியம் சொல்லுகிற மாதிரி ஏலம் போட்டார், வாங்க வந்தவர்களும் ரகசியம் போலவே கேட்டார்கள், மீனை ஏதோ களவுப் பொருள் போலக் கைமாற்றினார்கள். பாவசங்கீர்த்தனம் சொல்லக் கோயிலுக்குப் போனவள் சொன்னதையெல்லாம் குழாயடியில் நின்றவர்கள் கேட்டுவிட்டார்கள் என்று பெரிய சண்டை வந்து, அதன் பிறகு சாமியார் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஐஸ் கம்பெனிக்குப் போய், இரைகிற மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சனிக்கிழமை தோறும் சால்வையைப் போர்த்திக்கொண்டு பாவம் சொல்லப் போகிறவர்களின் வரிசை நின்றது. புதுசாகக் கல்யாணமான சோடிகளும் போர்வையோடு அந்தப் பக்கம் போவதைக் கண்டவர்கள் கண்டும் காணாமல் இருந்தார்கள்.

எல்லாருக்கும் ஒரு இடைஞ்சல் என்றால் பிரகாசிக்கு வேறு இடைஞ்சல். அவள் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவள், நாலு பேர் நிற்கிற இடத்தில் தன் பெயரைக் கேட்டால்கூடச் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு சொல்லுகிறவள். தன் குரல் தனக்கே பிடிக்காது. ஆனால் இன்னாசி பிறந்த பிறகு பிள்ளைக்குப் பாடாமல் எப்படி? பாடினாள், யாருக்கும் தெரியாமல் பாடினாள். தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அலை உடைகிற நேரம் பார்த்து ஒரு வரி பாடுவாள், கடல் வாங்கும்போது வாயை மூடிக்கொள்ளுவாள், அடுத்தது உடையும்போது அடுத்த வரியை எடுப்பாள். ஓட்டை விழுந்த வலை மாதிரி அந்தப் பாட்டு. “வள்ளம் வந்தா” என்று இருக்கும், பிறகு ஒன்றுமிருக்காது, பிறகு “நீதான் மீனு” என்று வரும். பக்கத்து வீட்டிலிருந்த நாத்தனார் தெக்லாவுக்குக்கூட அவள் பாடுவது தெரியாது. இன்னாசி மட்டும் கேட்டான், கேட்டுக் கண்ணை மூடினான்.

கடல் சத்தம் நின்ற நாளிலிருந்து அவள் பாடவில்லை. பிள்ளை தூங்கவில்லை. கண்ணைச் சொருகுவான், விழிப்பான், அழுவான். ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் கதவைச் சாத்தி, சன்னலைச் சாத்தி, தலையணையை வாயருகே பிடித்துக்கொண்டு முழுசாக, நடுவில் நிறுத்தாமல் பாடிப் பார்த்தாள். பிள்ளை அந்நியரைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்துவிட்டு இன்னும் வீறிட்டான். வெளியே வந்தபோது தெக்லா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

“யாருட்டி பாடுனது, ரேடியாவா?”

“ஆமா மைனி, ரேடியா.”

“ரேடியாவுக்குச் சளி புடிச்சிருக்கு போல,” என்றாள் தெக்லா.

அதோடு போயிற்று. பிள்ளையை ஐஸ் கம்பெனிக்கும் தூக்கிக்கொண்டு போனாள். மோட்டார் ஒரே சீராக இரைந்தது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, பிள்ளை தும்மலோடு திரும்பி வந்தான். தடுப்பூசி போட வந்த நர்சம்மா தராசில் வைத்துப் பார்த்து, “எடை இறங்குதேம்மா, தூங்காத பிள்ள எப்படி வளரும்?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவள் புருஷன் கஸ்பார் மைக்செட் கடை வைத்திருந்தான், ஞாயிற்றுக்கிழமை கோயில் பாட்டுக்குழுவில் கித்தார் வாசிப்பான். கித்தாருக்கென்று வால்வு போட்ட ஆம்ப்ளிபயர் ஒன்றைத் தன் கையால் செய்ய வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. கழித்துப் போட்ட பழைய ரேடியோ ஒன்றிலிருந்து டிரான்ஸ்பார்மரும் வால்வுகளும் எடுத்து, பெரிய பிஸ்கட் தகரத்தைக் கவிழ்த்து ஓட்டை போட்டு, ஒவ்வொன்றாக நட்டு ஈயம் வைத்துக்கொண்டிருந்தான். திருவிழாக் கொடியேற்றத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சாமியார் சொல்லியிருந்தார். எல்லாம் முடிந்து ஒரே ஒரு ஓட்டையில் வந்து நின்றது. அதற்கு மேல் ஒரு வால்வை எரிக்கத்தான் அந்தக் கிழட்டு டிரான்ஸ்பார்மருக்குத் தெம்பு. அந்த ஒரு வால்வை ரிவர்ப்புக்குக் கொடுப்பதா, ட்ரெமலோவுக்குக் கொடுப்பதா? சோறு தின்னும்போதும் அதே யோசனை, பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டும்போதும் அதே யோசனை.

“இங்க பாரு பிரகாசி,” என்று அடுப்படியில் கால் நீட்டி உட்கார்ந்து அவளிடம் சொல்லுவான், அவள் பதில் சொல்லமாட்டாள் என்பதால் அவளிடம் சொல்லுவது அவனுக்கு வசதி. “வால்வுக்குள்ள ரெண்டு பாதி இருக்கு. ரிவர்ப்புன்னா ஒரு பாதி ஸ்பிரிங்க உலுக்கும், மத்த பாதி ஸ்பிரிங்குக்கு அந்தப் பக்கம் நின்னு காது குடுக்கும். கித்தார் சத்தம் ஸ்பிரிங்குல ஓடிப் போயி, மோதித் திரும்பி, மெள்ள மெள்ள அடங்கும். பெரிய கோயிலுக்குள்ள நின்னு வாசிச்ச மாதிரி இருக்கும். ட்ரெமலோன்னா அது இல்ல. ஒரு பாதி தனக்குத் தானே ஆடிக்கிட்டே கெடக்கும், மத்த பாதி அந்த ஆட்டத்தச் சத்தத்துக்குக் குடுக்கும். சத்தம் கூடும், குறையும், கூடும், குறையும். ஒண்ணு சத்தத்துக்கு இடம் குடுக்கு, ஒண்ணு சத்தத்துக்கு மூச்சு குடுக்கு. எதுன்னு எடுக்க?”

பிரகாசி பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கூடும், குறையும் என்று அவன் சொன்னபோது அவள் கை தானாக நின்றது.

அவனோ மறுநாள் ரிவர்ப்புக்கான ஸ்பிரிங் பெட்டி கேட்டு டவுன் கடைக்குப் போன் போட்டான். வாசலில் நின்று, வழக்கம்போலச் சாதாரணமாகத்தான் பேசினான். “அண்ணாச்சி, ஒரு ரிவர்ப் டேங்க் வேணும், பஸ்ஸுல போட்டு விடுங்க.” புன்னைத்தாழையில் அப்போது யாரும் தனியாகப் பேச முடியாது அல்லவா, ஊர் முழுக்கக் கேட்டது. ஆனால் ஊரின் காதில் ரிவர்ப் விழவில்லை, ரிவர் விழுந்தது. ரிவர் என்றால் ஆறு என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொன்னார்கள். ஆத்துத் தண்ணி டேங்க். குழாயைத் திறந்தால் உப்பு வருகிற ஊரில், ஆத்துத் தண்ணி வரும் வரும் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் கேட்டுச் சலித்த ஊரில், கஸ்பார் ஒரு போனில் காரியத்தை முடித்துவிட்டான் என்று பேச்சு ஓடியது. பொழுது சாய்வதற்குள் அவன் வீட்டு வாசலில் பச்சையும் மஞ்சளுமாகக் குடங்கள் வரிசை போட்டுவிட்டன.

“மைனி, அது தண்ணி டேங்க் இல்ல,” என்று பிரகாசி வாய்க்குள் சொன்னாள்.

“கடலு போனா என்னட்டி, தம்பி ஆத்தையே கொண்டு வாரான்,” என்றாள் முதல் குடத்துக்குச் சொந்தக்காரியான தெக்லா. “வச்ச குடத்த எடுக்கச் சொல்லாத.”

கஸ்பார் ஒவ்வொருத்தரிடமும் விளக்கினான். கேட்டார்கள், தலையாட்டினார்கள், குடத்தை எடுக்கவில்லை. பஸ்ஸில் பெட்டி வந்து இறங்கியபோது ஊரே நிறுத்தத்தில் நின்றது. முழங்கையைவிடக் கொஞ்சம் நீளமான தகரப் பெட்டி, உள்ளே மெல்லிசாக இரண்டு ஸ்பிரிங். மொராயிஸ் அதைக் கையில் வாங்கி, மீனின் செவுளைத் திறந்து பார்க்கிற மாதிரி உள்ளே பார்த்தார்.

“ஏல கஸ்பாரு, ஆறு வத்திப் போயில்லா வந்திருக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள், ஏமாந்ததைச் சிரிப்பில் கழுவினார்கள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் கஸ்பார் அன்றைக்குச் சாயங்காலம் கடையில் அந்தப் பெட்டியை ஆம்ப்ளிபயரில் மாட்டிச் சோதிக்கும்போது, வேடிக்கை பார்க்க நெருங்கின யாரோ ஒருத்தரின் முழங்கால் பெட்டியில் இடித்தது. ஸ்பீக்கரிலிருந்து ஒரு பேரிரைச்சல் எழும்பி, உடைந்து, சரசரவென்று இழுத்துக்கொண்டு அடங்கியது. அந்தப் பெட்டியை இடித்தால் அப்படித்தான் வரும் என்று கஸ்பாருக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள், கடையில் இருந்த கிழவர் ஒருத்தர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“நம்ம கடலு இதுக்குள்ளதான் இருக்கு,” என்றாள் தெக்லா.

அதன் பிறகு ஊருக்கு வேறு பேச்சில்லை. டேங்கைத்தான் வைக்க வேண்டும், அந்த மிச்ச வால்வு டேங்குக்குத்தான். குடம் வைத்தவர்கள் எல்லாரும் அதற்குச் சாட்சி. சாமியாருக்கும் அதுதான் பிரியம், கித்தார் சத்தம் பெரிய கோயிலில் கேட்கிற மாதிரி நின்று அடங்கினால் திருவிழாவுக்கு எவ்வளவு சிறப்பு. கஸ்பாருக்கு அரை மனசு, இரண்டையும் எல்லாருக்கும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஈயம் வைப்பேன் என்றான். ஒரு தடவை வைத்துவிட்டால் டேங்குக்கு என்று சேர்த்த வயர் டேங்குக்குத்தான், திருவிழா முடிகிற வரைக்கும் அதைப் பிரிக்க விடமாட்டார்கள். திருவிழா முடிகிற வரைக்கும் இன்னாசி தாங்குவானா என்று பிரகாசி பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். விரல் சுற்றி வந்து மிச்சமிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முன்மண்டபத்தில் எல்லாரும் கூடினார்கள். கஸ்பார் பிஸ்கட் தகரத்தை மேசையில் வைத்து, டேங்கை மாட்டி, ஒரு கம்பியைச் சுண்டினான். சத்தம் எழுந்து, மண்டபத்தைச் சுற்றி, போக மனசில்லாத விருந்தாளி மாதிரி நின்று நின்று போயிற்று. ஆகா என்றார்கள். மொராயிஸ் டேங்கை விரலால் ஒரு தட்டுத் தட்டினார், கடல் வந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு கஸ்பார் டேங்கைக் கழற்றிவிட்டு ட்ரெமலோவுக்கு வயரை மாற்றி வாசித்தான். சத்தம் வெடவெடவென்று நடுங்கியது.

“இதுக்கு என்னல, குளிர்காய்ச்சலா?” என்றார் மொராயிஸ்.

மண்டபமே சிரித்தது. சாமியாரும் சிரித்துவிட்டு, “அப்போ டேங்குங்கிறவங்க கை தூக்குங்க,” என்றார். கைகள் எழுந்தன. பிள்ளையை இடுப்பில் வைத்துத் தூணோரம் நின்ற பிரகாசி, அழுகிற வாயைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு, தலையைக் குனிந்து, தன் புருஷனுக்கு மட்டும் என்று நினைத்து மெல்லச் சொன்னாள்.

“அது இன்னும் மெதுவா ஆடாதா?”

தூக்கின கை தூக்கினபடி ஊர் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. மெல்லச் சொல்ல முடியாத ஊராக அது ஆகிவிட்டதை அவள் ஒரு கணம் மறந்துவிட்டாள்.

கஸ்பார் ஆச்சரியமாகப் பார்த்தான். “ஆடும். மூணு கண்டன்சரையும் பெருசாப் போட்டா எம்புட்டு மெதுவா வேணும்னாலும் ஆடும். இப்பம் கையில இல்ல. எதுக்குக் கேக்க?”

“உனக்கு என்னட்டி தெரியும் இதுல?” என்றாள் தெக்லா, கையை இறக்காமலே. “ஊரே கடலு வேணும்னு நிக்கி, நீ காய்ச்சல் வேணும்ங்க.”

பிரகாசிக்கு முகம் கொதித்தது. எதற்குக் கேட்கிறேன் என்று சொன்னால் பாடினதைச் சொல்ல வேண்டும், இத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லுவதைவிட மண்டபத் தரை பிளந்து உள்ளே போவது மேல். ஆனால் தோளில் கிடந்த பிள்ளை அழுகிற தெம்பும் போய், இழுத்து இழுத்து முனகத் தொடங்கியிருந்தான். அந்த முனகலும் ஊருக்கே கேட்டது. அவள் நேரே தெக்லாவிடம் போய்ப் பிள்ளையை அவள் கையில் கொடுத்தாள், கொடுத்துவிட்டு மேசைக்கு வந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

“சத்தம் கூட்டுற திருகு எது?”

கஸ்பார் காட்டினான்.

“நீங்க நிறுத்தாம வாசிங்க. ஒரே மாதிரி வாசிங்க.”

அவன் கம்பிகள் எல்லாவற்றையும் சேர்த்து விடாமல் உரசினான். பிரகாசி இரண்டு விரலால் திருகைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள். சத்தம் தூரத்தில் எழும்பினது, வளர்ந்தது, கிட்டே வந்து பெரிதாக விரிந்தது. விரிந்த உடனே திருப்பி இறக்கினாள், கடல் தண்ணீரை வாங்குகிற மாதிரி வாங்கி வாங்கி, கித்தார் நகம் கம்பியில் படுகிற சத்தம் மட்டும் மிச்சமாகிற வரைக்கும். கொஞ்சம் நிறுத்தினாள். மறுபடி ஏற்றினாள். அவள் எண்ணவில்லை, யோசிக்கவும் இல்லை, சோற்றுக்கு உப்புப் போடுகிற கை மாதிரி அந்தக் கைக்கு அளவு தெரிந்திருந்தது.

மண்டபத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. வள்ளத்தில் கடலுக்குப் போகிற ஆண்கள் தங்களை அறியாமல் ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றினார்கள். தூக்கின கைகள் ஒவ்வொன்றாக இறங்கினதை யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவதோ நாலாவதோ தடவை சத்தம் விரிந்தபோது அதற்குள் வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. கித்தார் இல்லை, ஒரு குரல். “வள்ளம் வந்தா.” சத்தம் இறங்கினது, குரலும் இல்லை. ஏறினது. “நீதான் மீனு.” முதுகைக் காட்டி நின்றவளின் தோள் மட்டும் லேசாக அசைந்தது. அது அலைக்குள் பாடுகிற பாட்டு என்று ஊருக்கு விளங்கினது, விளங்கின உடனே கேட்காத மாதிரி எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள், கேட்டுக்கொண்டும் இருந்தார்கள்.

அடுத்த தடவை சத்தம் வாங்கினபோது, “சாளை ஒரு கூட, யாரு கேக்கா?” என்று மொராயிஸ் பெருங்குரலில் கூவிவிட்டார். பழக்கத்தில் வந்துவிட்டது, கையில் கூடையும் இல்லை, மீனும் இல்லை. எத்தனையோ நாள் கழித்து அவர் குரல் முழுசாக வெளியே வந்தது. கூட்டம் சிரிக்கவில்லை, அடுத்த சத்தம் ஏறுகிற வரைக்கும் அடக்கிக்கொண்டு, ஏறின பிறகு அதற்குள் வைத்துச் சிரித்தது. பெண்டாட்டியின் காதில் ஒருத்தன் ஏதோ சொன்னான், அவள் அவன் தொடையில் கிள்ளினாள். என்ன சொன்னான் என்று யாருக்கும் கேட்கவில்லை.

தெக்லாவின் தோளில் இன்னாசியின் தலை சரிந்தது. வாயோரம் எச்சில் ஒழுக, ஒரு கை கீழே தொங்க, பிள்ளை தூங்கியிருந்தான். தெக்லா அசையாமல் நின்றாள். பிறகு சத்தம் ஏறுகிற நேரம் பார்த்து, “மூதி, சொல்லித் தொலைச்சா என்ன,” என்றாள், அது பிரகாசிக்குச் சொன்னதா தனக்குச் சொன்னதா தெரியவில்லை.

எல்லாரும் சாமியாரைப் பார்த்தார்கள். அவர் டேங்கைப் பார்த்தார், தூங்குகிற பிள்ளையைப் பார்த்தார், திருகைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார். ஆனால் சத்தம் உச்சியில் இருக்கும்போது சொன்னார், அலைக்குள் சொன்னார், அதனால் அது சொன்னதாகக் கணக்கில்லை.

கஸ்பார் மறுநாளே போய்ப் பெரிய கண்டன்சராக மூன்று வாங்கி வந்தான். பிரகாசியின் கையைத் திருகில் வைக்கச் சொல்லி, அவள் திருப்பத் திருப்ப அதைக் கவனித்து, மிச்சமிருந்த வால்வின் ஆட்டத்தை அவள் கையளவுக்குக் கொண்டுவந்து ஈயம் வைத்து முடித்தான். வந்த டேங்கைத் திருப்பி அனுப்ப ஊர் சம்மதிக்கவில்லை, டேங்க் என்று வந்தது டேங்க்தான் என்று குழாயடி மேடையில் வைத்தார்கள், குடம் நிரம்பக் காத்திருக்கிறவர்கள் அதை விரலால் தட்டிப் பார்ப்பார்கள், ஸ்பீக்கர் இல்லாத இடத்தில் அது டிங் என்று மட்டும் சொல்லும்.

அதன் பிறகு புன்னைத்தாழையில் பகல் சாய்கிற நேரத்தில் மைக்செட் கடைச் சன்னலில் ஸ்பீக்கரை வைப்பார்கள். கஸ்பார் வாசிப்பான், அவனுக்கு வேலை இருந்தால் வேறு யாராவது உரசுவார்கள், கித்தார் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை, விடாமல் உரசத் தெரிந்தால் போதும். சத்தம் தெருவில் ஏறும், இறங்கும். ஏறும்போது திட்டிக்கொண்டார்கள், கொஞ்சிக்கொண்டார்கள், கடவுளிடம் முறையிட்டார்கள், இறங்கும்போது உப்பு இருக்கா, கருவேப்பிலை இருக்கா என்று கேட்டுக்கொண்டார்கள். சாமியார் நாற்காலியை ஐஸ் கம்பெனியிலிருந்து கோயிலுக்குத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு நாளைக்குச் சொல்ல வேண்டிய ரகசியத்தையெல்லாம் அந்த நேரத்துக்கென்று சேர்த்து வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள், குழாய்த் தண்ணீர் வருகிற நேரத்துக்குக் காத்திருக்கிற மாதிரி. கடல் பக்கத்தில் சத்தமில்லாமல் வந்து போய்க்கொண்டிருந்தது, அதன் மேல் யாருக்கும் கோபமில்லை. இன்னாசி தூங்கினான். நர்சம்மாவின் தராசு முள் கொஞ்சம் நகர்ந்தது.

ஒரு நாள் சாயங்காலம் வேறு யாரோ உரசிக்கொண்டிருக்க, கஸ்பார் வீட்டில் தொட்டில் பக்கம் வந்து உட்கார்ந்தான். பிரகாசி பாட்டை முடித்திருந்தாள், பிள்ளையின் மேல் உட்கார வந்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, நான் ஒண்ணு கேக்கட்டுமா?” என்றான். “‘வள்ளம் வந்தா’ங்க, அதுக்கப்புறம் நிறுத்திருத, பொறவு ‘நீதான் மீனு’ங்க. நடுவுல என்ன வருது?”

அவள் சேலைத் தலைப்பைப் பார்த்தாள். அந்த நடு வரியை அவள் ஒரு நாளும் வாயால் பாடினதில்லை, கடல் வாங்குகிற நேரத்துக்குரிய வரி அது, நெஞ்சுக்குள்ளேயே ஓடி முடிந்துவிடும். அது பிள்ளைக்கு என்று கட்டின வரியும் இல்லை.

“அது ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாமலா அம்புட்டு நேரம் நிறுத்துத? அதுக்குன்னே நான் எத்தன கண்டன்சர மாத்தி மாத்திப் பாத்தேன். எனக்குத் தெரியாண்டாமா?”

சத்தம் தெருவில் ஏறினது. இப்போது சொன்னால் யாருக்கும் கேட்காது, சொன்னதாகவும் ஆகாது. அவள் சொல்லவில்லை. அது இறங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கினது. கித்தார் நகம் கம்பியில் படுவது மட்டும் கேட்டது. பிரகாசி தலையை நிமிர்த்தி அவன் முகத்தைப் பார்த்து, “நடுவுல வந்து, நீங்க வள்ளத்துல போறவரு இல்லல்லா, இருந்தாலும் நான் என்ன நெனச்சுக் கட்டுனேன்னா,” என்று தொடங்கினபோது, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தெக்லாவின் குரல் வந்தது.

“ஏட்டி பிரகாசி, எம் மவ வந்திருக்கா, அவ பிள்ள பஸ்ஸுல இருந்து ஒரே அழுக. கொஞ்சம் வந்து பாடிட்டுப் போ.”

பிரகாசி எழுந்தாள், கஸ்பாரின் தோளில் கையை ஊன்றி எழுந்தாள், “வாரேன் மைனி, எடுத்த வரிய முடிச்சிட்டு வாரேன்” என்று, சத்தம் வாங்கியிருந்த நேரம் என்பதையும் பாராமல், தெருக்கோடியில் நின்றவர்களும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, தன் முழுக் குரலில் சொன்னாள்.